ஓய்வுநேர உடலியக்கம்

பிறந்து இரண்டு நாளான எலிக்குட்டியின் இதயம் ஒரு குறுமிளகு அளவுதான் இருக்கும். அதை எடுத்து, நறுக்கி, ஒரு கரைசலில் போட்டுச் செல்செல்லாகப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் பரப்பி வைத்தால், மறுநாள் காலையில் ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகத் துடித்துக்கொண்டிருக்கும். இன்னும் ஒரு நாள் விட்டால் பக்கத்துச் செல்லைத் தொட்டுக்கொண்டு எல்லாம் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். முதன்முதலில் நுண்ணோக்கியில் அதைப் பார்த்த அன்று எனக்கு அழுகை வந்தது. ஆறு வருடம் கழித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தபோதும் அழுகை வந்தது. காரணம்தான் வேறு.

என் முனைவர் பட்ட ஆராய்ச்சி ஒரே ஒரு புரதத்தைப் பற்றியது. இதயம் வீங்கும்போது அந்தப் புரதம் கூடுகிறதா, குறைகிறதா? முதல் மூன்று வருடம் கூடியது. பிறகு அதைக் கண்டுபிடிக்கும் ரசாயனத்தை வேறொரு கம்பெனியில் வாங்கினோம், குறையத் தொடங்கியது. என் கைடு இரண்டு படங்களையும் மேசைமேல் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டுமே சுவாரசியமாக இருக்கின்றன என்றார். கடைசியில், சூழ்நிலையைப் பொறுத்து அந்தப் புரதம் கூடவோ குறையவோ செய்கிறது என்று எழுதி, அதற்கு இரண்டரை வரி நீளத்தில் ஒரு தலைப்பு வைத்து, பட்டம் வாங்கிக்கொண்டேன்.

ஊரில் இதை யாருக்கு எப்படிச் சொல்வது? எங்கள் ஊர் என்பது கேரளத்து வண்டிப்பெரியாற்றிலிருந்து ஜீப் ஏறிப் போக வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுப்பவள். அப்பா பேக்டரியில் இலை அரைக்கும் மிஷினில் நின்றவர். தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பட்டம் வாங்கிய வாரம் எங்கள் சபையில் பாதிரியார் ஐயர் என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, நம் தோட்டத்துப் பிள்ளை இதய டாக்டராக வந்திருக்கிறாள் என்று ஜெபம் செய்தார். ஆராதனை முடிந்ததும் ஆறு பேர் கையில் ஈசிஜி தாளோடு வாசலில் நின்றார்கள். நான் அந்த மாதிரி டாக்டர் இல்லை, எலியின் இதயத்தைத்தான் எனக்குத் தெரியும் என்று விளக்கினேன். அப்பா என்னைத் தனியாகக் கூட்டிப்போய், எல்லாரிடமும் எலி எலி என்று சொல்லாதே, டாக்டர் என்பதோடு நிறுத்திக்கொள் என்றார். அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. ஆறு வருடம் வெளியூரில் படித்த மகள் எலிக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்று பேக்டரியில் பேச்சு வந்தால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்.

பட்டம் வாங்கினால் வேலை வரும் என்றிருந்தேன். வந்தவை எல்லாம் நேர்முகத் தேர்வுகள்தாம். ஒரு வருடம் முழுக்க ரயிலில் போய் அந்தப் புரதத்தைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். கடைசியில் கடலோர நகரம் ஒன்றில் இருந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. மலைத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்களின் இதய ஆரோக்கியம் பற்றிய திட்டம் அது. நேர்முகத் தேர்வில் திட்டத் தலைவர் என் ஆய்வேட்டைத் திறக்கவே இல்லை. அவர் வடக்கிலிருந்து வந்தவர், பெரிய இதய நிபுணர். நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. கமிட்டிகளின் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். என் விண்ணப்பத்தில் ஒரே ஒரு இடத்தில் அவர் விரல் நின்றது. அங்கே 'தமிழ்: எழுத, படிக்க, பேச' என்று இருந்தது. தோட்டத்திலேயே பிறந்தவளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பக்கத்திலிருந்தவரைப் பார்த்துத் தலையசைத்தார். இதயத்தைப் பற்றி நான் ஆறு வருடம் படித்தது எதுவும் அந்த வேலைக்குத் தேவைப்படவில்லை. அம்மா மடியில் கற்றுக்கொண்டது போதுமானதாக இருந்தது.

கேள்விப் படிவம் வேறு ஏதோ நாட்டில் தயாரானது. அதை இங்கே மலையாளத்துக்கு மாற்றி, மலையாளத்திலிருந்து ஒரு ஏஜென்சி தமிழுக்கு மாற்றியிருந்தது. 'படிக்கட்டு ஏறும்போது மூச்சு வாங்குகிறதா?' என்று ஒரு கேள்வி. எங்கள் தோட்டத்தில் மேனேஜர் பங்களாவைத் தவிர வேறெங்கும் படிக்கட்டு கிடையாது. படிக்கட்டே இல்லையே என்று பெண்கள் சொன்னால், படிவத்தில் 'இல்லை' என்று குறிக்க வேண்டும். 'இல்லை' என்றால் மூச்சு வாங்கவில்லை என்று அர்த்தம். 'நெஞ்சில் பாரம் உணர்கிறீர்களா?' என்று இன்னொன்று. பாரமெல்லாம் தலையிலதான் என்றார்கள். அதற்கும் 'இல்லை.'

முதலில் தெரிந்தவர்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று விதி. நான் அம்மாவையும் பெரியம்மாவையும் உட்கார வைத்தேன். பெரியம்மா ரத்த உறவு இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீடு. அம்மாவும் அவரும் ஒரே நாளில் தோட்டத்தில் பெயர் பதிந்து, ஒரே கூட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர்கள். அம்மாவிடம் கேள்வி கேட்டால் பதில் சொல்வாள். பெரியம்மாவிடம் கேள்வி கேட்டால் திருப்பிக் கேள்வி கேட்பார்.

பதினான்காம் கேள்விக்கு வந்தேன். 'கடந்த ஒரு வாரத்தில் ஓய்வுநேர மிதமான உடலியக்கச் செயல்பாட்டில் எத்தனை நிமிடங்கள் ஈடுபட்டீர்கள்?'

"ஓய்வுநேரம்னா என்னது?" என்றார் பெரியம்மா.

"வேலை இல்லாத நேரம், பெரியம்மா."

"உடலியக்கம்னா?"

"நடக்கது, ஓடுதது, வேர்க்க வேர்க்க எதாவது செய்யுதது."

பெரியம்மா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "வேலை இல்லாத நேரத்துல வேலை செய்யுறியான்னு கேக்கா" என்று விளக்கினார். இருவரும் பூஜ்யம் என்றார்கள். நான் பூஜ்யம் என்று எழுதினேன்.

அந்தப் படிவத்தில் உண்மையில் இன்னொரு பக்கம் இருந்தது. வேலை நேரத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், எவ்வளவு எடை தூக்குகிறீர்கள், எத்தனை மணிநேரம் நிற்கிறீர்கள் என்று கேட்கும் பக்கம். அதையும் சேர்த்தால் ஒரு ஆளுக்கு முக்கால் மணிநேரம் பிடித்தது. தோட்டத்து மேனேஜர் ஒரு தொழிலாளிக்கு இருபது நிமிடத்துக்கு மேல் விட மாட்டேன் என்றார். திட்டத் தலைவர் கணினித் திரையில் எங்களோடு பேசிக்கொண்டே படிவத்தைப் புரட்டினார். வேலையை நாம் மாற்ற முடியாது, ஓய்வுநேரத்தை மாற்றலாம், அதனால் வேலைப் பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்றார். எனக்கு உறுத்தியது. எடுக்க வேண்டாமே என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் என்பதும் அதே வாய்க்குத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கத்தைக் கணினியில் தேர்ந்தெடுத்து அழித்தவள் நான்தான். ஒரு பொத்தான். ஒரு விநாடி.

பிறகு ஏழு மாதம் தோட்டம் தோட்டமாகச் சுற்றினேன். டிஸ்பென்சரித் திண்ணையில் மேசை போட்டு உட்கார்ந்துகொள்வேன். பெண்கள் மழைக்காக இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து வாசலில் போட்டுவிட்டு, மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நிற்பார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, உயரம், எடை, இடுப்பளவு. இடுப்பில் டேப் சுற்றும்போது ஜாக்கெட் தைக்கவா பாப்பா என்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருத்தி கேட்பாள். பதினான்காம் கேள்வி வரும்போது நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. பேனா முனையைப் பார்ப்பேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நல்ல வட்டமாகப் போடக் கற்றுக்கொண்டேன்.

முடிவு ஆய்வுக் கூட்டத்தில் வந்தது. வண்ண வண்ணமான வரைபடம். மலைத்தோட்டத்துப் பெண்களில் பெரும்பாலோர் போதுமான உடலியக்கம் இல்லாதவர்கள். அவர்களுடைய ரத்த அழுத்தத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். குளிரூட்டிய அறையில் நகரும் நாற்காலிகளில் உட்கார்ந்து ஒன்பது பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கையைத் தூக்கி, சார், இவர்கள் நாள் முழுக்க மலைச்சரிவில் ஏறி இறங்குகிறார்கள் என்றேன்.

தரவு அப்படிச் சொல்கிறதா என்று திட்டத் தலைவர் கேட்டார்.

அதை நாம் கேட்கவில்லை, சார் என்றேன்.

அப்படியானால் அது நமக்குத் தெரியாது என்றார். அவர் கோபப்படவில்லை. ரொம்பப் பொறுமையாகவே சொன்னார். அளந்ததைப் பற்றித்தான் அறிவியல் பேசும், அளக்காததைப் பற்றிப் பேசாது; வேண்டுமென்றால் கட்டுரையில் ஆய்வின் வரம்புகள் என்ற பகுதியில் எழுதிவிடு என்றார்.

மூன்று வாக்கியம் எழுதினேன். கட்டுரை ஒன்பது பேர் கைமாறித் திரும்பியபோது ஒரு வாக்கியமாக இருந்தது. ஆய்விதழ்க்காரர்கள் சொற்கள் அதிகம், குறைக்கவும் என்றார்கள். அந்த ஒரு வாக்கியமும் போயிற்று. அச்சுக்குப் போகும் முன் கடைசிப் பிரதி எல்லாருக்கும் வந்தது. சம்மதம் என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். செய்தேன். என் பெயர் ஐந்தாவதாக இருந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்ட கடிதமும் அதே வாரம் வந்தது. கட்டுரையை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா என் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றார். தோட்டத்துப் பெண்களின் இதயத்தைப் பற்றி என்றேன். அடுப்படியிலிருந்து அம்மா, நல்லதாத்தானே எழுதிருக்க என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கட்டுரை வந்தால் அதன் பலன் மக்களைச் சென்றடைய வேண்டுமாம். நிதி கொடுத்தவர்களின் நிபந்தனை அது. அதற்காக ஒரு விழிப்புணர்வு நடை ஏற்பாடானது. எந்தத் தோட்டத்தில் வைக்கலாம் என்று யோசித்தார்கள். மொழி தெரிந்த ஆளின் சொந்தத் தோட்டம் வசதி என்று முடிவானது.

நாள் ஞாயிற்றுக்கிழமை; மற்ற நாளில் வேலை கெடும். காலை எட்டு மணி. அதனால் சபையில் ஆராதனையைப் பதினொன்றுக்குத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. ஐயரிடம் நானே போய்க் கேட்டேன். இதயம்தானே, கர்த்தரும் அதைத்தான் பார்க்கிறார் என்று ஒத்துக்கொண்டார். பெண்கள் எல்லாரும் வர வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பேக்டரி கேட்டில் பெயர் கூப்பிட்டு ஆஜர் எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்புத் தொப்பி, சேலைக்கு மேல் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளை பனியன். பனியனில் கை கால் முளைத்த இதயம் ஒன்று சிரித்துக்கொண்டே ஓடியது. அம்மா அதைத் தலைவழியாகப் போட முடியாமல் கொண்டையில் மாட்டி நின்றாள். நான்தான் இழுத்துவிட்டேன்.

நடை பேக்டரி கேட்டிலிருந்து மேல் டிவிஷன் மைதானம் வரை. அதாவது அவர்கள் தினமும் வேலைக்குப் போகிற அதே ஏற்றம். திட்டத் தலைவர் கொடி அசைத்தார். பெண்களோடு கை வீசிக்கொண்டு அவரும் நடந்தார், முதல் வளைவு வரை. அங்கே நின்று, இடுப்பில் கை வைத்து, தோட்டத்தின் அழகை ரசித்தார். ரொம்ப நேரம் ரசித்தார். பிறகு ஜீப் வந்தது.

ஜீப் ரோட்டில் வளைந்து வளைந்து போவதற்குள் பெண்கள் வழக்கமான குறுக்குத்தடத்தில் ஏறி மைதானத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஜீப்பில் வந்த போட்டோக்காரர் இறங்கிப் பார்த்தால், நடக்க வேண்டிய கூட்டம் தேயிலைப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு நடக்கும் படம்தான் வேண்டும். எல்லாரும் பாதி தூரம் இறங்கித் திரும்ப ஏற முடியுமா என்று என்னிடம் கேட்டார். நான் பெண்களிடம் கேட்டேன். மறுபடியும் இறங்கினார்கள், மறுபடியும் ஏறினார்கள். இந்தத் தடவை ரோடு வழியாக, சிரித்துக்கொண்டே. அந்தப் படம் இன்றும் எங்கள் நிறுவனத்தின் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. இரண்டாவது வரிசையில் இடது ஓரம் அம்மா.

மைதானத்தில் சின்ன மேடை. திட்டத் தலைவர் ஆங்கிலத்தில் பேசினார், நான் தமிழில் சொன்னேன். தினமும் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் இதயத்துக்கு எவ்வளவு நல்லது, நகரத்தில் தானே எப்படி நேரம் ஒதுக்கி நடக்கிறார், மனசு வைத்தால் முடியும். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பெண்கள் தலையாட்டினார்கள். பக்கத்தில் நின்ற மேனேஜர் கோட்டயத்துக்காரர். தமிழ், ஆங்கிலம் இரண்டும் நன்றாகத் தெரியும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். இப்படிக் கேட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்பது எல்லாக் கூட்டத்துக்கும் உள்ள வழக்கம். பெரியம்மா எழுந்தார். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"சார், நாங்க காலையில இந்த ஏத்தம் ஏறித்தான் காட்டுக்குப் போறோம். நாள் பூரா சரிவுல நின்னு கொழுந்து எடுக்கோம். சாக்கத் தலையில வச்சு எடை போடுத எடத்துக்கு எறங்குதோம். அது முடிஞ்சு தண்ணி, வெறகு, சோறு. இதுக்கு மேல அரைமணி நேரம் நடக்கணும்னு சொல்லுதீங்க. சரி, நடக்கோம். அத வேலை நேரத்துக்கு உள்ள நடக்கணுமா, வெளிய நடக்கணுமா? உள்ளன்னா, போறதுக்கு முன்னாடி சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பி அடங்கியது. தலைவர் ஆவலோடு என் பக்கம் குனிந்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: மிகவும் பயனுள்ளதாக இருந்ததாம், உங்களுக்கு நன்றி சொல்கிறார்.

தலைவர் கை தட்டினார். பெரியம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். மேனேஜர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது நன்றி. இந்தத் தோட்டத்தில் பிறந்து அத்தனை வருடத்தில் ஒரு மேனேஜர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கும் வரிசையில் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"நான் அம்புட்டு நீளமாக் கேட்டேன். நீ இத்தினிக்கூண்டு சொன்ன."

இங்கிலீஷில் சுருக்கமாக வரும் என்றேன்.

"தேங்க் யூன்னு முடிச்சியே பிள்ள. நான் எப்ப தேங்க் யூ சொன்னேன்?"

சுற்றி நின்றவர்கள் பொட்டலத்தைப் பிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா கொஞ்சம் தள்ளி நின்றாள். அவள் என் பக்கம் வரவில்லை என்பதைக் கவனித்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்து, வா, இப்போ சரியாகச் சொல்லு என்றார். என் வேலை போய்விடும் பெரியம்மா என்றேன்.

"மேனேஜரப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான நான் கேட்டேன்? எனக்கு வேலை இல்லையா?"

இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது. படிவத்தின் பக்கத்தை அழித்தபோது வரவில்லை, சம்மதம் என்று டிக் செய்தபோது வரவில்லை. அவரோடு நடந்தேன். தலைவர் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் கோழி பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்று, அந்த அம்மா கேட்டதை நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று தொடங்கி, முழுவதையும் வரிக்கு வரி சொன்னேன். ஏற்றம், சரிவு, சாக்கு, தண்ணீர், விறகு, உள்ளேயா வெளியேயா, சூப்பர்வைசர். பெரியம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார், நீளம் சரியாக இருக்கிறதா என்று.

தலைவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கண்ணில் ஒளி வந்துவிட்டது. அருமையான கேள்வி என்றார். இதை ஏன் நாம் படிவத்தில் கேட்கவில்லை என்று என்னையே கேட்டார். மறந்து போயிருந்தார், நடிப்பு இல்லை. இரண்டாம் கட்டத்தில் சேர்த்துவிடலாம் என்று போனை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"என்ன சொல்லுதாரு?" என்றார் பெரியம்மா.

"நல்ல கேள்வியாம். எழுதிக்கிட்டாரு."

"பதிலு?"

"அடுத்த வருசம் ஆராய்ச்சி பண்ணிச் சொல்லுவாராம்."

"அதுவரைக்கும் உள்ளயா வெளியவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடப் போய்விட்டார்.

இரண்டாம் கட்டத்தில் அந்தப் பக்கம் திரும்பி வந்தது. அதே கேள்விகள், அதே வரிசை. பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியவளும் நான்தான். இந்தத் தடவை அதே பெண்கள் எல்லாரும் மிக அதிக உடலியக்கம் உள்ளவர்கள் என்ற கட்டத்துக்கு மாறினார்கள். ஒரு வருடத்துக்கு முன்பு சோம்பேறிகளாக இருந்தவர்கள், ஒரு அடி கூட அதிகம் நடக்காமல் விளையாட்டு வீராங்கனைகளுக்குச் சமமாகிவிட்டார்கள். ரத்த அழுத்தம் மட்டும் மாறவில்லை. ஓய்வுநேரத்தில் நடக்கிற நடை இதயத்துக்குச் செய்கிற நன்மையைக் கூலிக்கு ஏறுகிற ஏற்றம் செய்வதில்லை. நாள் முழுக்க ஓய்வில்லாமல் பாரம் தூக்குகிற உடம்புக்குத் தேவை இளைப்பாறல். உலகத்தில் மற்றவர்கள் ஏற்கெனவே இதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த மலைக்கு நாங்கள் சொன்னோம். தலைவர் இதை முரண்பாடு என்று தலைப்பில் போடச் சொன்னார். முரண்பாடு என்ற சொல் தலைப்பில் இருந்தால் இதழ்க்காரர்களுக்குப் பிடிக்கும் என்றார். பிடித்தது. இது உன் யோசனை, உன் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று பெருந்தன்மையாகவும் சொன்னார். என் யோசனை இல்லை என்று நான் சொல்லவில்லை. கட்டுரைக் கடைசியில், ஆய்வில் பங்கேற்ற அனைவருக்கும் நன்றி என்று ஒரு வரி இருக்கிறது. பெரியம்மா அந்த 'அனைவருக்கும்' என்பதற்குள் எங்கோ இருக்கிறார்.

நிரந்தர வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கேள்வி உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று ஒருவர் கேட்டார். களத்தில் கூர்ந்து கவனித்ததில் தோன்றியது என்றேன். விஞ்ஞானி என்று அச்சடித்த பெயர்ப்பலகை இப்போது என் அறை வாசலில் இருக்கிறது. எலிக்குட்டிகளை நான் தொட்டே பல வருடம் ஆகிறது.

இளைப்பாறல்தான் தேவை என்று முடிவு வந்ததும், முதல் நடையைப் போலவே ஏதாவது செய்யலாம் என்று நான் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். வேலைக்கு நடுவே இரண்டு தடவை பதினைந்து நிமிடம் உட்காருவது, தேயிலைக் காட்டிலேயே நிழலுக்கு ஒரு கொட்டகை, பக்கத்திலேயே கழிப்பறை. கமிட்டி ஆர்வத்தோடு படித்தது. பிறகு, பெண்கள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் படம் எடுத்து யாருக்கு அனுப்புவது என்று ஒருவர் கேட்டார். திட்டம் பரிசீலனையில் இருக்கிறது.

போன வருடம் பெரியம்மாவுக்கு ஓய்வு வயது வந்து பதிவேட்டில் பெயரை வெட்டினார்கள். பெயர் வெட்டினால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் கம்பத்துக்குப் பக்கம், அங்கே போய்விட்டார். மூன்றாம் கட்டக் கணக்கெடுப்பில் அவர் எண்ணைத் திறந்தேன். முகவரி ஆய்வுப் பகுதிக்கு வெளியே போய்விட்டதால் மென்பொருள் அவரைத் 'தொடர்பு அறுந்தவர்' என்று சாம்பல் நிறத்தில் காட்டியது. கிறிஸ்துமஸுக்கு அவரோடு போனில் அரைமணி நேரம் பேசியிருந்தேன். இந்தப் பெண்மணி தொலைந்து போகவில்லை, எனக்குத் தெரியும் என்று தரவுப் பிரிவுக்கு எழுதினேன். தனிப்பட்ட தொடர்பை ஆய்வுத் தொடர்பாகக் கருத இயலாது என்று பதில் வந்தது.

லீவு போட்டுவிட்டு, கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு பஸ்ஸில் குமுளி இறங்கிக் கம்பம் போனேன். வீட்டில் அவர் இல்லை. திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று மகள் வழி காட்டினாள். பந்தலுக்கு அடியில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கொத்தில் நெருக்கமாக இருந்த காய்களைக் கத்தரியால் நறுக்கி உதிர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை இறக்கி உதறிக்கொண்டார்.

"அங்க முப்பது வருசம் குனிஞ்சே நின்னேன். இங்க அண்ணாந்தே நிக்கேன்" என்றார். "கழுத்துக்கு இப்பத்தான் நியாயம் கெடச்சிருக்கு."

பந்தல் ஓரத்தில் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உட்கார வைத்து அழுத்தம் பார்த்தேன். கூடுதலாகத்தான் இருந்தது. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். சாப்பிடுகிறாராம், ஞாபகம் வருகிற நாளில். நாளைக்கே சர்க்கார் ஆசுபத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். போறேன் என்றார். அளவைக் குறிக்க என்னிடம் படிவம் இல்லை. படிவம் இருந்தாலும் அவருக்கு அதில் எண் இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி, டாக்டரிடம் காட்டச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தேன்.

பேச்சுவாக்கில், எனக்கு வேலை நிரந்தரமான கட்டுரை அவருடைய கேள்வியிலிருந்துதான் வந்தது என்று சொன்னேன். சொல்ல வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அவர் பெரிதாக ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. உங்க அம்மா சொன்னா, ஓய்வு வேணும்னு எழுதியிருக்கியாமே என்றார். ஆமாம் என்றேன்.

"அத அந்தக் கம்பெனிக்கு அனுப்புனியா?"

"அது இங்கிலீஷ்ல இருக்கு, பெரியம்மா."

"அவுகளுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே" என்றார்.

நிறுவனத்தின் வழியாக அனுப்ப அனுமதி கேட்டால் அது இன்னொரு கமிட்டிக்குப் போகும். திரும்பிய மறுநாள் கட்டுரையை அச்செடுத்தேன். மேலே மூன்று பக்கத்தில் அதன் சாரத்தை எழுதி, இந்தத் தடவை யாரும் குறைக்காமல், என் சொந்தப் பெயரில், வீட்டு முகவரியிலிருந்து, தோட்டக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். யூனியன் ஆபீசுக்கும் ஒரு பிரதி, தமிழில். கம்பெனியிலிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. யூனியனிலிருந்து ஒருவர் போன் செய்தார். கொட்டகையையும் கழிப்பறையையும் அடுத்த பேச்சுவார்த்தைக் கோரிக்கையில் சேர்த்திருக்கிறார்களாம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கம்பெனிக்காரர்கள் மறுகேள்வி கேட்க முடியாதபடி இதயத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய நிஜ டாக்டர் யாரையாவது எனக்குத் தெரியுமா என்று கேட்டார்.